தனுஷ்கோடி இடிபாடுகளை நண்பர்களோடு சுற்றிப் பார்க்க ஒரு முழுமையான வழிகாட்டி

இந்தியாவில் பேய் உலவும் இடங்கள் என்று யார் பட்டியல் போட்டாலும் அதில் தனுஷ்கோடிக்கு ஓர் இடம் கிடைத்துவிடுகிறது. நள்ளிரவில் ரயில் ஓடும் சத்தம் கேட்கும் என்பார்கள். டிசம்பர் 22 அன்று மணலுக்கு அடியிலிருந்து அலறல் எழும் என்பார்கள். இந்தக் கதைகளைக் கேட்டுவிட்டு நான்கைந்து நண்பர்கள் ஒரு வாடகை வண்டியை எடுத்துக்கொண்டு எந்த முன்னேற்பாடும் இல்லாமல் கிளம்பிப் போவதும், கொளுத்தும் வெயிலில் ஒரு மணி நேரம் நின்று பத்துப் படம் எடுத்துவிட்டுத் திரும்பி வருவதும் வழக்கமாகிவிட்டது. அந்த ஊரில் உண்மையிலேயே அஞ்ச வேண்டியவை கடலும், உப்பு அரித்த சுவர்களும், நிழலற்ற வெயிலும்தான். அவற்றுக்குத் தயாராகப் போகிறவர்களுக்கு ஒரு முழு நாளும் போதாத அளவுக்கு அங்கே பார்க்க இருக்கிறது. நான்கு முதல் ஆறு பேர் கொண்ட ஒரு குழு, ராமேஸ்வரத்தில் தங்கிக்கொண்டு ஒரு பகல் பொழுதில் போய் வருவதாக வைத்து இந்த வழிகாட்டியை எழுதுகிறேன்.

முதல் படி: ஊரின் கதையைத் தெரிந்துகொண்டு போங்கள்

இதைத் தவிர்த்துவிட்டுப் போனால் அங்கே தெரிவது வெறும் குட்டிச்சுவர்கள்தான். எந்தச் சுவர் எதற்காக நின்றது என்று தெரிந்திருந்தால்தான் அந்த ஊர் கண்ணுக்குப் புலப்படும்.

1914ஆம் ஆண்டு பாம்பன் ரயில் பாலம் திறக்கப்பட்டபோது, சென்னையிலிருந்து கொழும்புக்குப் போகும் பாதை தனுஷ்கோடி வழியாக அமைந்தது. எழும்பூரில் ஏறிய பயணி தனுஷ்கோடித் துறையில் இறங்கி, அங்கே காத்திருக்கும் நீராவிக் கப்பலில் தலைமன்னாருக்குப் போய், அங்கிருந்து இன்னொரு ரயிலில் கொழும்பு சேர்ந்தார். ‘போட் மெயில்’ என்று மக்கள் அழைத்தது இந்தச் சேவையைத்தான். இரண்டு நாடுகளுக்கு நடுவே இருந்த துறை என்பதால் சுங்க அலுவலகம், துறைமுக அலுவலகம், அஞ்சல் நிலையம், ரயில்வே ஊழியர் குடியிருப்பு, பள்ளிக்கூடம், மருத்துவமனை, தேவாலயம், கோயில், சத்திரங்கள் என்று ஒரு சிறுநகரத்துக்கு வேண்டியவை எல்லாம் அந்த மணல் திட்டின் மேல் எழுந்தன. பாம்பனில் பிரிந்த ரயில் பாதைகளில் ஒன்று ராமேஸ்வரத்துக்கும் மற்றொன்று தனுஷ்கோடிக்கும் போயின.

1964 டிசம்பர் 22ஆம் தேதி இரவு, இலங்கையின் வடபகுதியைக் கடந்து வந்த கடும் புயல் ராமேஸ்வரம் தீவைத் தாக்கியது. காற்றைவிடப் பெரிய அழிவைச் செய்தது அதனோடு எழுந்த கடல்தான். இருபுறமும் கடல் சூழ்ந்த, அகலம் குறைந்த, மேடே இல்லாத அந்த மணல் நாக்கின் மேல் அலை ஏறியபோது ஒதுங்குவதற்கு இடமில்லை. அந்நேரம் பாம்பனிலிருந்து தனுஷ்கோடியை நோக்கி வந்துகொண்டிருந்த 653ஆம் எண் பயணிகள் ரயில், ஊரை நெருங்கும் வேளையில் அலையில் சிக்கியது. அதிலிருந்த நூற்றுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். பாம்பன் பாலத்தின் பெரும்பகுதி சிதைந்தது. பொறியாளர் ஈ. ஸ்ரீதரனின் மேற்பார்வையில் 46 நாட்களில் பாலத்தைச் சரிசெய்து ரயிலை ராமேஸ்வரத்துக்கு மீண்டும் ஓட்டினார்கள். தனுஷ்கோடிக்கு மட்டும் ரயில் திரும்பவில்லை. மக்கள் வாழத் தகுதியற்ற இடம் என்று அன்றைய சென்னை மாநில அரசு அறிவித்துவிட்டது.

பேய்க் கதைகளில் வரும் ரயில் சத்தத்துக்கும் அலறலுக்கும் மூலம் இதுதான். குழுவில் எல்லோருக்கும் இந்த அளவாவது தெரிந்திருக்கட்டும். வண்டியில் போகும்போது ஒருவர் வாசிக்க மற்றவர்கள் கேட்டாலும் போதும்.

இரண்டாம் படி: நாளைத் தேர்ந்தெடுங்கள்

தனுஷ்கோடிக்கு வடக்கே பாக் நீரிணையும் தெற்கே மன்னார் வளைகுடாவும் இருக்கின்றன. வடக்குக் கடலைப் ‘பெண் கடல்’ என்றும் தெற்குக் கடலை ‘ஆண் கடல்’ என்றும் அப்பகுதி மக்கள் சொல்வதுண்டு. ஆனால் வடக்குக் கடல் ஆண்டு முழுவதும் சாதுவாக இருக்கும் என்று நம்பிவிடக் கூடாது. மே முதல் செப்டம்பர் வரை தென்மேற்குக் காற்றில் தெற்குக் கடல் கொந்தளிக்கும், மணல் பறந்து கண்ணை நிறைக்கும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழையின் முறை வரும்போது வடக்குக் கடல் சீறும். எனவே ஜனவரி பிற்பாதி முதல் மார்ச் வரையிலான காலமே சுற்றிப் பார்ப்பதற்கு ஏற்றது. ஆடி அமாவாசை, தை அமாவாசை நாட்களில் தர்ப்பணம் கொடுக்க வருவோரால் ராமேஸ்வரம் நிரம்பி வழியும். தங்குவதற்கு அறை கிடைப்பதே அரிது.

கிளம்பும் நாளுக்கு முன்பே பாம்பன் துறைமுகத்தில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றியிருக்கிறார்களா என்று செய்திகளில் பாருங்கள். 1, 2 ஆகிய எண்கள் தொலைவில் கடலில் உருவாகியிருக்கும் புயலைக் குறிப்பவை. 3ஆம் எண் என்றால் துறைமுகத்தின் மேலேயே பலத்த காற்று வீசக்கூடும் என்று பொருள். எண் கூடக் கூட ஆபத்தும் கூடும். என்னைக் கேட்டால், எந்த எண் ஏற்றியிருந்தாலும் பயணத்தைத் தள்ளிப்போடுங்கள். எப்படியும் அத்தகைய நாட்களில் பாதையை மூடிவிடுவார்கள்.

டிசம்பர் 22 இரவில் அங்கே இருந்தே ஆக வேண்டும் என்று சில குழுக்கள் ஆசைப்படுகின்றன. அந்த ஆசையை விட்டுவிடுங்கள் என்பதே என் கருத்து. அது பருவமழைக் காலம் என்பது ஒரு காரணம். பெற்றோரையும் உடன்பிறந்தோரையும் அந்த இரவில் இழந்தவர்கள் இன்னும் உயிரோடு இருக்கிறார்கள் என்பது அதைவிடப் பெரிய காரணம்.

மூன்றாம் படி: நேரமும் அனுமதியும்

பகலில் போவதற்குத் தனி அனுமதி தேவையில்லை. ஆனால் வழியில் போலீஸ் சோதனைச் சாவடி உண்டு. மாலையானதும் உள்ளே போகும் வண்டிகளைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள், உள்ளே இருப்பவர்களையும் வெளியேறச் சொல்வார்கள். அந்த நேரம் பருவத்தையும் பாதுகாப்பு நிலையையும் பொறுத்து மாறுவதால், போகும்போதே சாவடியில் நிறுத்தி “சார், எத்தனை மணிக்குள்ள திரும்பி வரணும்?” என்று கேட்டுக்கொள்வது நல்லது. இரவில் ஒளிந்து தங்க முயல வேண்டாம். இது சர்வதேசக் கடல் எல்லையை ஒட்டிய பகுதி. கடத்தலும் ஊடுருவலும் நடக்காமல் கண்காணிக்கப்படும் கரை. இருட்டில் டார்ச் விளக்கோடு திரியும் ஐந்து இளைஞர்கள் பேய் பார்க்க வந்தவர்கள் என்று ரோந்து போகிறவருக்குத் தோன்றாது. ட்ரோன் பறக்கவிடுவதற்கும் இதே காரணம் பொருந்தும். முறையான அனுமதி இல்லாமல் அதைப் பையிலிருந்து வெளியே எடுக்காதீர்கள்.

நான்காம் படி: குழுவுக்குள் சில ஏற்பாடுகள்

ஒருவர் நேரத்துக்குப் பொறுப்பு, ஒருவர் தண்ணீருக்கும் முதலுதவிக்கும் பொறுப்பு என்று முன்கூட்டியே பிரித்துக்கொள்ளுங்கள். இருவர் இருவராகவே நடக்க வேண்டும். படம் எடுக்கும் ஆர்வத்தில் தனியே விலகிப் போகிறவர்தான் இடறி விழுவார். அலைபேசித் தொடர்பு சீராக இருக்காது என்பதால், பிரிந்து போனால் எத்தனை மணிக்கு எந்த இடத்தில் சேர்வது என்று பேசி வைத்துக்கொள்ளுங்கள். தேவாலயத்தின் முகப்பு தூரத்திலிருந்தே தெரியும், அதையே கூடுமிடமாக வைக்கலாம். எதிர்க்கரையில் இலங்கை இருப்பதால் அலைபேசியில் சர்வதேச ரோமிங்கை அணைத்து வைப்பது பாதுகாப்பு. குழுவில் ஒருவருக்கு உள்ளே போக மனமில்லை என்றால், அவரைக் கேலி செய்து இழுக்காதீர்கள். மது அருந்தியவர்களை அழைத்துக்கொண்டு போகவே கூடாது.

108, 112 ஆகிய எண்கள் எல்லோருக்கும் தெரியும். கடலோரப் பாதுகாப்புக் குழுமத்தின் 1093 என்ற எண்ணையும், இந்தியக் கடலோரக் காவல் படையின் 1554 என்ற எண்ணையும் சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

எடுத்துப் போக வேண்டியவை அதிகமில்லை. ஆளுக்கு மூன்று லிட்டர் தண்ணீர், தொப்பி, முழுக்கைச் சட்டை, கண்ணாடி, கால் முழுவதையும் மூடும் காலணி. செருப்போடு போனால் முள்ளும் கண்ணாடித் துண்டும் குத்தும். பகல் பன்னிரண்டு மணிக்கு மணல் சுடும் சூட்டைச் சொல்லிப் புரியவைக்க முடியாது.

ஐந்தாம் படி: போகும் பாதை

ராமேஸ்வரத்திலிருந்து பழைய தனுஷ்கோடி ஏறத்தாழ 18 கிலோமீட்டர். நகரப் பேருந்து, ஆட்டோ, வேன், வாடகை பைக் எதிலும் போகலாம். முன்பெல்லாம் முகுந்தராயர் சத்திரத்தோடு சாலை முடிந்துவிடும். அதற்குமேல் மணலிலும் உப்புத் தண்ணீரிலும் உருளும் வேன்களில்தான் போக வேண்டும். 2017இல் அரிச்சல்முனை வரை தார்ச்சாலை திறக்கப்பட்டதால் இப்போது கார் கூடப் போகிறது. ஆனால் தாரை விட்டுச் சக்கரத்தை இறக்காதீர்கள். மேலே காய்ந்து கெட்டியாகத் தெரியும் மணலுக்கு அடியில் சேறு இருக்கும். சக்கரம் இறங்கிவிட்டால் இழுத்து வெளியேற்ற ஆள் தேட வேண்டியதுதான்.

வழியில் கோதண்டராமர் கோயில் வரும். 1964 புயலில் தப்பி நின்ற கட்டடம் என்பதால் அங்கே சிறிது நேரம் நிற்கலாம். காலையில் முதலில் நேராக அரிச்சல்முனைக்குப் போய்விட்டு, திரும்பும்போது பழைய ஊரில் இறங்குங்கள். பத்து மணிக்குமேல் முனையில் கூட்டம் சேர்ந்துவிடும்.

ஆறாம் படி: இடிபாடுகளைப் பார்ப்பது

இங்கேதான் அவசரப்படக் கூடாது. தேவாலயத்திலிருந்து தொடங்குங்கள். கூரை இல்லை, பக்கச் சுவர்களும் வளைவுகளும் பீடம் இருந்த இடமும் நிற்கின்றன. சுவருக்கு ஒரு முழ தூரத்தில் நின்று கல்லை உற்றுப் பாருங்கள். அது செங்கல்லோ கருங்கல்லோ இல்லை. தேன்கூட்டை வெட்டி வைத்தது போலச் சிறுசிறு அறைகள் வரிவரியாகத் தெரியும். சில கற்களில் நட்சத்திர வடிவக் குழிகள் இருக்கும். அவை பவளப் பாறைகள். ஒவ்வொரு குழியிலும் ஒரு காலத்தில் ஓர் உயிர் வாழ்ந்திருக்கிறது. தீவில் வேறு கல் அரிது என்பதால் கடலிலிருந்து பவளப் பாறையை வெட்டியெடுத்துச் சுண்ணாம்புச் சாந்து பூசிக் கட்டினார்கள்.

இந்தக் கல்லின் இயல்பே ஆபத்துக்கும் காரணம். நுண்துளைகள் நிறைந்த கல் என்பதால் உப்புநீரை அடியிலிருந்து உறிஞ்சுகிறது. நீர் ஆவியானதும் உப்பு துளைக்குள்ளேயே படிகமாகி விரிகிறது. விரியும்போது கல்லை உள்ளிருந்து உடைக்கிறது. பார்வைக்குத் திடமாக நிற்கும் சுவர் உள்ளே மாவாகியிருக்கலாம். எனவே சுவரின் உயரம் எவ்வளவோ அவ்வளவு தூரம் தள்ளி நிற்பது என்று ஒரு விதி வைத்துக்கொள்ளுங்கள். சுவரில் சாய்வது, வளைவின் மேல் ஏறி உட்கார்ந்து படம் எடுப்பது, ஜன்னல் துளை வழியாக நுழைவது மூன்றும் வேண்டாம். வேலி போட்டிருந்தால் அதற்குக் காரணம் இருக்கிறது. சுவரடியில் சரிந்த கற்குவியல்களுக்குள் கை விடாதீர்கள். பாம்புக்கும் தேளுக்கும் அதைவிட நல்ல நிழல் அந்த ஊரில் கிடைப்பதில்லை.

அடுத்து ரயில் நிலையம். கல் வளைவுகளாக நிற்கும் அந்தச் சுவர்களுக்கு அருகே, நீராவி எஞ்சின்களுக்குத் தண்ணீர் நிரப்பிய தொட்டியின் கட்டுமானத்தைத் தேடுங்கள். அதைக் கண்டுபிடித்துவிட்டால் தண்டவாளம் எந்தத் திசையில் ஓடியிருக்க வேண்டும் என்பது தானாக விளங்கும். அங்கிருந்து பார்வையைக் கிழக்கே ஓட்டினால் கப்பல் துறை எந்தப் பக்கம் இருந்தது என்பதும் புரியும். குழுவில் ஒருவர் பழைய வரைபடத்தின் நகலைக் கொண்டுவந்தால் இந்த வேலை இன்னும் சுவையாக இருக்கும். பள்ளிக்கூடம், அஞ்சல் நிலையம் என்று அங்கிருப்பவர்கள் காட்டும் மற்றச் சுவர்களை நடந்தபடியே பார்த்துவிடலாம்.

கண்ணில் படாமல் போகும் ஒன்றையும் சொல்ல வேண்டும். கடலிலிருந்து சில அடி தூரத்தில் மணலில் தோண்டிய சிறு ஊற்றுக் குழிகள் இருக்கும். அதில் ஊறுவது குடிக்கத் தகுந்த நன்னீர். மழைநீர் மணலில் இறங்கி, அடியில் இருக்கும் கனமான உப்புநீரின் மேல் ஒரு மெல்லிய படலமாக மிதந்து நிற்பதால் இது சாத்தியமாகிறது. ஆழமாகத் தோண்டினால் உப்புநீர் வந்துவிடும். அந்தக் குழிகளை நம்பிக் குடும்பங்கள் வாழ்கின்றன. அதில் காலை விடுவதோ கை கழுவுவதோ கூடாது.

ஏழாம் படி: கடலைத் தள்ளி நின்று பாருங்கள்

அரிச்சல்முனையில் அசோகர் தூணைச் சுற்றிச் சாலை முடிகிறது. அதற்கு அப்பால் மணலும், இருபக்கக் கடலும், கண்ணுக்கு எட்டாத தொலைவில் தலைமன்னாரும். இரண்டு நீரோட்டங்கள் சந்திக்கும் இடம் என்பதால் முழங்கால் அளவுத் தண்ணீரிலேயே காலடி மணல் அரித்து இழுக்கும். நீச்சல் தெரியும் என்பது இங்கே ஒரு தகுதியே அல்ல. கால் நனைப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். கடலுக்கு முதுகைக் காட்டி நின்று படம் எடுக்காதீர்கள்.

எட்டாம் படி: பேயைத் தேட வந்தவர்களுக்கு

தேடுவதில் தவறில்லை. ஆனால் ஒழுங்காகத் தேடுங்கள். பேயைக் கண்டுபிடிப்பதாகச் சொல்லும் அலைபேசிச் செயலிகள் பெரும்பாலும் அதிலுள்ள காந்தமானியைத்தான் பயன்படுத்துகின்றன. அருகில் இரும்பு இருந்தால் அதன் அளவீடு தாவும். ரயில் நிலையத்தின் பக்கம் மணலுக்கு அடியில் துருப்பிடித்த இரும்பு புதைந்திருக்க எல்லா வாய்ப்பும் உண்டு. சோதித்துப் பார்க்க எளிய வழி இருக்கிறது. அளவீடு தாவிய இடத்தைக் குறித்துக்கொண்டு, கால் மணி நேரம் கழித்து இன்னொருவர் வேறொரு அலைபேசியோடு அதே இடத்துக்கு வரட்டும். அதே இடத்தில் அதே போலத் தாவினால் அங்கே இருப்பது நகராத பொருள்.

மங்கிய வெளிச்சத்தில் ஃபிளாஷ் போட்டு எடுத்த படங்களில் வெள்ளை வட்டங்கள் மிதப்பதைக் காட்டி ஆவி என்பார்கள். கடற்காற்றில் எப்போதும் உப்புத் துளியும் மணல் துகளும் பறக்கின்றன. லென்ஸுக்கு மிக அருகில் இருக்கும் துகள் ஃபிளாஷ் ஒளியைத் திருப்பி அனுப்பும்போது, குவியம் தவறிய வட்டமாகப் பதிகிறது. ஃபிளாஷை அணைத்துவிட்டு அதே இடத்தை மீண்டும் எடுங்கள். ஒலிப்பதிவு செய்கிறவர்கள் மைக்கின் மேல் பஞ்சு உறை போடாமல் பதிவு செய்தால், காற்று மோதும் இரைச்சலில் எந்தச் சொல்லை வேண்டுமானாலும் கேட்டுக்கொள்ளலாம். ஒருவர் “அம்மா என்று கேட்கிறது” என்று சொன்ன பிறகு மற்ற நால்வருக்கும் அப்படியேதான் கேட்கும். ஆகவே ஒவ்வொருவரும் தனித்தனியே கேட்டு, கேட்டதை எழுதிவைத்து, அதன் பிறகு ஒப்பிடுங்கள்.

வளைவுகள் வழியாகக் காற்று நுழையும்போது எழும் ஊளை உண்மையிலேயே உடலைச் சிலிர்க்க வைக்கும். பொழுது சாயும் நேரத்தில் மணலில் ஏதோ வெளிறிய உருவம் சட்டென்று ஓடி மறையும். அது வளை தோண்டி வாழும் கடற்கரை நண்டு. இத்தனைக்கும் பிறகு உங்களுக்கு அச்சம் வந்தால் அது இயல்பு. வெறிச்சோடிய இடத்தில், நடந்ததைத் தெரிந்துகொண்டு நிற்கிறவருக்கு வரும் அச்சம் அது.

ஒன்பதாம் படி: அங்கே வாழ்கிறவர்கள்

இந்த இடத்தைக் கைவிடப்பட்ட ஊர் என்று சொல்வது பாதி உண்மைதான். மீனவக் குடும்பங்கள் ஓலைக் குடிசைகளில் அங்கே வாழ்ந்துகொண்டிருக்கின்றன. காலை வேளையில் கரைவலை இழுப்பதைப் பார்க்கலாம். வலை இழுக்கும் கயிற்றைத் தாண்டாதீர்கள், சுற்றிப் போங்கள். குடிசைகளையும் குழந்தைகளையும் கேட்காமல் படம் பிடிக்க வேண்டாம். வயதானவர்களிடம் பேச்சுக் கொடுக்கும்போது “பேய் இருக்கா பாட்டி?” என்று தொடங்காதீர்கள். “ஐயா, ஸ்டேஷன் எதுவரைக்கும் இருந்துச்சு?” என்று கேளுங்கள். சொல்ல விரும்பினால் அவரே மற்றதையும் சொல்வார். விரும்பாவிட்டால் ஒரு தேநீரோ வறுத்த மீனோ வாங்கிச் சாப்பிட்டுவிட்டு நகர்ந்துவிடுங்கள்.

நினைவுக்கென்று எதையும் எடுத்து வராதீர்கள். இடிபாட்டுக் கல் வேண்டாம். கரையில் ஒதுங்கும் பவளத் துண்டும் வேண்டாம். பவளம் 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது, அதைக் கொண்டுபோவது குற்றம். ஜனவரி முதல் மார்ச் வரை பங்குனி ஆமைகள் முட்டையிட வரும் கரை இது. மணலில் சக்கரத் தடம் போலக் கடலிலிருந்து மேலேறும் அகலமான தடத்தைக் கண்டால் தோண்டிப் பார்க்காமல் வனத்துறையினரிடம் சொல்லுங்கள்.

திரும்பிய பிறகு

பொழுது சாய்வதற்கு அரை மணி முன்பே வண்டியில் ஏறிவிடுங்கள். கிளம்பும் முன் தலைகளை எண்ணிக்கொள்ளுங்கள். அறைக்கு வந்ததும் கேமராவையும் அலைபேசியையும் நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் துடைக்க வேண்டும். உலர்ந்த துணியால் தேய்த்தால் ஒட்டியிருக்கும் மணல் லென்ஸைக் கீறிவிடும். வாடகை பைக் எடுத்தவர்கள் சங்கிலியையும் சக்கரக் கம்பிகளையும் நன்னீர் விட்டுக் கழுவி, ஒரு படமும் எடுத்துக்கொண்டு திருப்பிக் கொடுங்கள். உப்பு ஏறிய வண்டிக்கு உரிமையாளர்கள் தனிக் கட்டணம் கேட்பார்கள், அதில் அவர்களைக் குறை சொல்லவும் முடியாது.